ஏதோ சரியில்லை

— "குப்பை"ங்கிற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க அண்ணி.

— எதுக்கு எடுக்கணும்? குப்பையைக் குப்பைன்னு சொல்லாம பூந்தொட்டின்னா சொல்லுவாங்க?

— சரி, அது இருக்கட்டும். அடுத்த வரி? "இதை எழுதிய மகராசனுக்கு இடது கையே கிடையாதா?" இதையுமா அனுப்பப் போறீங்க?

— நீ படிக்கிறது போன மாசமே அனுப்பினது. இன்னைக்கு அனுப்பப் போறது அதுக்குக் கீழே இருக்கு. அது இன்னும் கொஞ்சம் காரம்.

— ஐயோ! இது பொதுப் பக்கம் போலிருக்கே. யார் வேணா படிக்கலாம்னு போட்டிருக்கு.

— படிக்கட்டும். நாலு பேர் படிச்சாத்தான் ரோஷம் வரும்.

— போன மாசம் அனுப்பினதுலயே கடைசியில "தைரியம் இருந்தால் என் கடைக்கு வந்து கண்ணால் பாருங்கள்"னு சவால். அதுக்குக் கீழே விலாசம். பூக்கடையை ஒட்டின படிக்கட்டு, முதல் மாடி, கதவில் கத்தரிக்கோல் படம்னு அடையாளம் வேற!

— ஆமா பின்ன? வழி தெரியலன்னு சாக்கு சொல்லக்கூடாதில்ல.

— ஆஸ்பத்திரியில ஒரு நாள் லீவு கிடைச்சுது, அண்ணி கடையில போய் காலை நீட்டி உக்காரலாம்னு வந்தேன். இங்க போர்க்களமால்ல இருக்கு.

— நீட்டுடி. அந்த ஸ்டூல்ல இருக்கிற லைனிங் துணியைத் தள்ளிட்டு நீட்டு. உன் காலுக்கு இல்லாத ஸ்டூலா? ஆனா நர்ஸம்மா, என் வாயை மட்டும் கட்டாத. நான் எரிஞ்சு போயிருக்கேன்.

— யார் மேல இவ்வளவு எரிச்சல்? அதைச் சொல்லுங்க முதல்ல.

— இதோ இந்த லேப்டாப்புக்குள்ள உக்காந்திருக்கே, சின்னக்கத்திரி, அது மேல. அளவைக் கொடுத்தா கோட்டுக்கும் சட்டைக்கும் பேட்டர்ன் போட்டுக் கொடுக்கும். நான் அதுல கோடுகளை இழுத்து இழுத்து சரி பண்ணுவேன். அச்சடிச்சு, துணி மேல வச்சு வெட்டிக்கலாம்.

— என்ன விலை?

— விலையா? சும்மா. யார் வேணா எடுத்துக்கலாம். உள்ள எப்படி எழுதியிருக்குன்னு பிரிச்சுப் பார்க்கலாம். தெரிஞ்சவங்க திருத்தலாம். பொத்தான்னு புனைபேர் வச்சுக்கிட்டு யாரோ ஒரு ஆள் எழுதி, "இந்தாங்க"ன்னு பொதுவுல வச்சிருக்கார்.

— சம்பளம்?

— ஒரு பைசா கிடையாது.

— சும்மா கொடுத்தவருக்கா இந்தத் திட்டு? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா அண்ணி?

— நான் எங்கடி பல்லைப் பார்த்தேன்? பால் கறக்க உக்காந்தா எட்டி உதைக்குது மாடு!

— எப்படி உதைக்குது?

— வலது கை வரையறேன், வெண்ணெய் மாதிரி போகுது. இடது கை வரைய ஆரம்பிச்சா பொசுக்குன்னு ஸ்கிரீன் அணைஞ்சு போகுது. தட்டி எழுப்பினா, வரைஞ்சது அத்தனையும் காணோம். வெள்ளை வெளேர்னு ஒரு பக்கம், "வணக்கம், புதிதாகத் தொடங்கலாமா?"ன்னு கேக்குது. அந்த வணக்கத்தைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

— அண்ணன்கிட்ட காட்டினீங்களா?

— காட்டினேனே. "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு"ன்னார். கட்டின நாள்லருந்து எனக்குத் தலைவலின்னாலும் அதே வைத்தியம்தான் சொல்றார் உங்க அண்ணன்.

— சிரிப்பு மூட்டாதீங்க. இப்ப என்ன அவசரம்?

— சனிக்கிழமை பாட்டுக்குழுவுக்குக் கோட்டு கொடுக்கணும். ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்ல. தவில் மாதிரி ஒருத்தர், புல்லாங்குழல் மாதிரி ஒருத்தர். அத்தனை பேருக்கும் வலது கை தயார். இடது கை ஒண்ணுகூட இல்ல.

— பாடறவங்கதானே, கை எதுக்கு?

— தாளம் யார் போடறது, உங்க அண்ணனா? விளையாடாதடி. சொந்தமா கடை போட்டதுக்கப்புறம் வந்த முதல் பெரிய ஆர்டர் இது. சனிக்கிழமை கொடுக்கலன்னா எதிர்ல இருக்கிற ரெடிமேட் கடையில வாங்கிக்குவோம்னு குழுத்தலைவர் முகத்துக்கு நேரா சொல்லிட்டார். அப்புறம் நானும் அங்கேயே போய், மேனேஜர் முன்னால நின்னு, "பழையபடி பட்டன் தைக்கிற வேலையாவது கொடுங்க"ன்னு கேக்கணும். நான் அங்கேருந்து வெளிய வரும்போது கதவை எப்படிச் சாத்தினேன்னு உனக்குத் தெரியுமில்ல?

— தெரியும். எங்க வார்டுல கேட்டுது.

— அதான் சொல்றேன். சிரிக்கிற நேரமா இது?

— சிரிக்கல, சிரிக்கல. இந்தப் பொத்தான் உங்களுக்குப் பதிலே போடலையா?

— போட்டார். கீழே தள்ளிப் படி.

— "மன்னிக்கவும். இங்கே எங்கள் யாருக்கும் அப்படி ஆகவில்லை. நீங்கள் என்ன செய்யும்போது ஆகிறது என்று சொல்ல முடியுமா?" தன்மையாத்தானே கேட்டிருக்கார்?

— தன்மையா? என்ன செய்யும்போதாம்! கோலம் போடும்போதா? இடது கை வரையும்போதுன்னுதானே மேல சொல்லியிருக்கேன்?

— நீங்க சொன்னது இது. படிக்கிறேன், கேளுங்க. "உங்கள் கத்திரி இடது கையைக் கண்டால் மண்டையைப் போடுகிறது. குப்பை. குப்பை. குப்பை." மூணு தடவை.

— முதல் ரெண்டு தடவை மனசு ஆறல.

— அண்ணி, எங்க வார்டுக்கு ஒருத்தர் வந்து "உடம்பே குப்பையா இருக்கு சிஸ்டர்"னு சொன்னா, நான் எந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறது? எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, படுத்தா வலிக்குதா, நடந்தா வலிக்குதான்னு கேட்டாத்தானே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியும்?

— அட! நம்ம ஏதோ சார் மாதிரி.

— அது யாரு ஏதோ சார்?

— உனக்குத் தெரியாது? போன மாசத்துலருந்து ஒருத்தர் வர்றார். முதல்ல ஒரு சட்டை, அப்புறம் ஒரு பேன்ட்டு, இப்ப ஒரு கோட்டு. போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னால நிப்பார். மூஞ்சியைச் சுருக்குவார். "ஏதோ சரியில்லைங்க"ம்பார். எங்க சார் சரியில்ல, தோளா, காலரான்னா, "தெரியலைங்க, ஏதோ"ம்பார். அந்த "ஏதோ"வை நான் எந்த இடத்துல பிரிச்சு எந்த இடத்துல தைக்கிறது, சொல்லு?

— பார்த்தீங்களா?

— என்ன பார்த்தீங்களா?

— ஒண்ணுமில்ல. மேல சொல்லுங்க.

— மேல என்ன... அடிப்பாவி. என்னையும் ஏதோ சாரையும் ஒரே தராசுல வைக்கிறியா?

— நான் வைக்கல. நீங்களே போய் உக்காந்துக்கிட்டீங்க.

— அவராவது தன்மையா சொன்னார். நான் குப்பைன்னு சொல்லிட்டேன். அதுவும் மூணு தடவை. ம்.

— இருங்க, அன்னைக்கு முதுகுல உங்க குண்டூசி குத்தி, நான் பஞ்சு வச்சுத் துடைச்சு விட்டேனே, அவரா இந்த ஏதோ சார்?

— அவரேதான். முதல் நாள். நான் வேணும்னு குத்தலடி. பின்பக்கம் அளவு எடுத்துக்கிட்டிருந்தேன், அவர் ஏதோ சொல்ல வந்த மாதிரி வெடுக்குன்னு திரும்பினார். என் மணிக்கட்டுல குண்டூசிப் பட்டை. சதக்!

— அதான், ஆள் பக்கத்துல போகும்போது அந்த முள்ளம்பன்றியைக் கழட்டி வைங்கன்னு அன்னைக்கே சொன்னேன்.

— வைக்கிறேன் தாயே. இப்பல்லாம் படிக்கட்டுல அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கழட்டி அந்த ஆணியில மாட்டிடறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த ஆள் எதிர்க்கடை ஒற்றன்.

— என்ன அண்ணி!

— என் கத்தரிக்கோல் மேல சத்தியமா. துணியைப் போட்டுப் பார்க்கிறது அஞ்சு நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் அந்த ஸ்டூல்ல உக்காந்து என் லேப்டாப்பையே கண்கொட்டாம பார்க்கிறார். "டெய்லரம்மா, ஒரு இடது கை வரையுங்களேன், பார்ப்போம்"ங்கிறார். எதுக்கு? என் வித்தையைத் திருடத்தானே?

— பாவம், வீட்ல பேச்சுத்துணை இல்லாத மனுஷராயிருக்கும்.

— ஓஹோ. அவ்வளவு கரிசனமா? பஞ்சு வச்சுத் துடைச்ச கை இல்ல, பேசத்தான் செய்யும்.

— அண்ணி!

— சரி சரி, முறைக்காத. அதை விடு, இதைக் கேளு. அந்த ஆள் உக்காந்திருக்கும்போது மட்டும் இந்த மெஷின் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். இடது கை, எதிர்ப்பக்கக் கை, ஆனைக்குக் கை, எதை வரைஞ்சாலும் அணையாது. அவர் படி இறங்கினாரா, ஆரம்பிச்சிடும் தன் சேட்டையை. ராசிக்கார ஒற்றன்.

— அப்ப அதையும் எழுதணும்.

— எதை?

— அவர் இருக்கும்போது வர்றதில்லைங்கிறதை. நான் டைப் பண்றேன். நீங்க செய்து காட்டுங்க, பக்கத்துல என் ஃபோன்ல குறிச்சுக்கிட்டு அப்புறம் இதுல ஏத்திடறேன். பதறாதீங்க. முதல்ல என்ன பண்ணுவீங்க?

— முதல்ல பெருமூச்சு விடுவேன்.

— அதுக்கு அடுத்து?

— சின்னக்கத்திரியைத் திறப்பேன். அளவை ஏத்துவேன். உடம்பு வரையுது. காலர். வலது கை. பார்த்தியா, எவ்வளவு அழகா போகுது?

— பார்த்தேன். அடுத்து?

— அடுத்து இடது கை. மத்தவங்கல்லாம் வலதை வரைஞ்சிட்டு, "திருப்பு"ன்னு ஒரு பட்டன் இருக்கு, அதை அழுத்திடுவாங்க. அதே கை அந்தப் பக்கம் திரும்பி நிக்கும். நான் அதைத் தொடமாட்டேன்.

— ஏன்?

— உலகத்துல எந்த மனுஷனுக்குடி ரெண்டு தோளும் ஒரே உயரம்? உனக்கே வலது தோள் இறக்கம், பை மாட்டி மாட்டி. நான் ரெண்டு கையையும் தனித்தனியா அளந்து தனித்தனியாத்தான் வரைவேன்.

— இது நல்ல சேதி. எழுதிக்கிறேன். "திருப்பு பொத்தானைப் பயன்படுத்துவதில்லை." அடுத்து?

— அந்தப் பக்கம் வரையணும்னா, கீபோர்டுல இடது மூலையில இருக்கிற பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கணும். அப்பத்தான் கோடு வளையும். இதோ இடது கையால அமுக்கிக்கிட்டேன். வலது கையால மவுஸை இழுக்கிறேன். கைக்குழி வளையுது... வளையுது... போச்சு!

— ஐயய்யோ, நிஜமாவே அணைஞ்சு போச்சே!

— நான் பொய்யா சொன்னேன்? தட்டறேன் பாரு. "வணக்கம், புதிதாகத் தொடங்கலாமா?" உன் வணக்கத்துல இடி விழ!

— பதறாதீங்க. அப்படியே இருங்க, அசையாதீங்க. இடது கை எங்க இருக்கு?

— லேப்டாப் மேல. முன்பக்க மூலையில மணிக்கட்டை ஊனிக்கிட்டிருக்கேன்.

— கையில என்னென்ன இருக்கு?

— இதெல்லாமாடி கேப்பாங்க?

— எங்க வார்டுல கேப்போம். ஆளைப் படுக்க வைக்கிறதுக்கு முன்னால காதுல இருக்கிறது கழுத்துல இருக்கிறது வரைக்கும் எழுதுவோம்.

— ரெண்டு வளையல். குண்டூசிப் பட்டை. உள்ள காந்தம் வச்சது, ஊசியெல்லாம் கொத்தா ஒட்டிக்கும். வேலை நேரத்துல அது இல்லாம என் கையே எனக்கு வேத்துக் கை. மூக்குக் கண்ணாடி போட்டிருக்கேன், அதையும் எழுதிக்க. செருப்பு எழுதறியா?

— கண்ணாடி எழுதிட்டேன். செருப்பு வேணாம். இப்ப முதல் வரி. நல்லதா ஒரு வரி சொல்லுங்க.

— நல்லதாவா? எதைப் பத்தி?

— சின்னக்கத்திரியைப் பத்தி. புண்ணைத் தொடறதுக்கு முன்னால "சாப்பிட்டீங்களா"ன்னு கேக்கறதில்ல? அந்த மாதிரி.

— நல்லதுன்னா... நல்லதுன்னு பார்த்தா... கூன் விழுந்தவங்களுக்கு அளவு போட்டேன் வச்சுக்க, சொல்லாமலே முதுகுப் பக்கம் நீட்டிக் கொடுக்கும். வயிறு தள்ளினவங்களுக்கு முன்பக்கத்தை இறக்கிக் கொடுக்கும். நான் வேலை பார்த்த கடையில காசை வாரிக் கொட்டி ஒண்ணு வாங்கினாங்க. அது எல்லாரையும் பொம்மைன்னு நினைச்சுக்கும். கூன் இருந்தா வெட்கப்படு, துணி உனக்காக வளையாதுங்கும். இது அப்படி இல்லடி. இதை எழுதின ஆளுக்கு உடம்புன்னா என்னன்னு தெரியும். கோணலா இருக்கிறவங்க மேல ஒரு பிரியம் இருக்கு அந்த ஆளுக்கு.

— அண்ணி.

— என்ன?

— இதை அவர்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்கீங்களா?

— இல்லையே. சரியா இருந்தா எதுக்குச் சொல்லணும்? நல்லா தச்ச கோட்டுக்கு யார்தான் திரும்பி வந்து நல்லாயிருக்குன்னு சொல்றாங்க?

— சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?

— எழுது. நான் சொன்ன மாதிரியே எழுது. "பிரியம்"ங்கிறதையும் விடாத.

— எழுதிட்டேன். இப்ப முழுசா படிக்கிறேன்... யாரோ படி ஏறி வர்றாங்க போலிருக்கே?

— செருப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு வர்ற சத்தம். ஏதோ சார்தான்! கோட்டு ட்ரயல் பார்க்க இன்னைக்கு வரச் சொல்லியிருந்தேன். இந்தா, இந்தப் பட்டையை வாங்கி ஆணியில மாட்டு. ஸ்கிரீனைத் திருப்பி வை, ஒற்றன் கண்ணு படும்.

— வணக்கங்க டெய்லரம்மா. வந்து... சிஸ்டரும் இருக்கீங்களா? நல்லதுங்க.

— வாங்க சார். முதுகுல அந்தக் காயம் ஆறிடுச்சா?

— ஆறிடுச்சுங்க சிஸ்டர். உங்க கைராசி.

— கேட்டுக்கடி, கைராசியாம். சார், இந்தாங்க கோட்டு. அந்த ரூம்ல போட்டுக்கிட்டு வாங்க. ... நர்ஸம்மா, கன்னம் ஏன் சிவக்குது?

— வெயில்ல வந்தேன் அண்ணி.

— ஆமா, வந்து ஒரு மணி நேரமாகுது, வெயில் இப்பத்தான் உறைக்குது போல. ... வாங்க சார், வெளிச்சத்துல நில்லுங்க. எப்படி இருக்கு?

— வந்துங்க... நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ... ஏதோ சரியில்லைங்க.

— சரி சார். இன்னைக்கு நான் விடப்போறதில்ல. பதறாம பதில் சொல்லுங்க. நிக்கும்போது சரியில்லையா, உக்காரும்போதா?

— நிக்கும்போது ஒண்ணுமில்லைங்க.

— உக்காருங்க. இப்ப?

— இப்பவும் இல்லைங்க.

— நாள் பூரா உக்காந்து என்ன வேலை பண்ணுவீங்க நீங்க?

— எழுதறதுங்க.

— குமாஸ்தாவா?

— அந்த மாதிரின்னு வச்சுக்கலாங்க.

— சரி, மேஜை முன்னால உக்காந்து எழுதற மாதிரி ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. இப்ப?

— ஆ! இங்கதாங்க! இடது தோளுக்குப் பின்னால பிடிக்குது. இதேதாங்க!

— கண்டுபிடிச்சிட்டேன்! பாருடி, இந்தத் தோள் ஒரு விரல்கடை இறக்கம், முன்னாலயும் தள்ளியிருக்கு. நான் ரெண்டையும் நிக்க வச்சுத்தான் அளந்தேன், நீட்ட வச்சு அளக்கல. தப்பு என்னோடதுதான் சார். இதை முதல் நாளே சொல்லியிருந்தா சட்டையும் சரியா வந்திருக்குமே?

— எதைச் சொல்றதுன்னு தெரியலைங்க. நீங்க இப்படிக் கேட்டதும்தான் எனக்கே தெரிஞ்சுது.

— எனக்கும் இன்னைக்குத்தான் சார் ஒருத்தி சொல்லிக் கொடுத்தா, எப்படிக் கேக்கணும்னு. கழட்டிக் கொடுங்க. அந்தப் பக்கத் தையலைப் பிரிச்சு, உள்ள மடிப்புல இருக்கிற துணியை விட்டுக் கொடுத்து, இப்போதைக்கு நூலோட்டி டாக் அடிச்சுத் தர்றேன். உள்ள நல்லா இடம் விட்டு வச்சிருக்கேன், கவலைப்படாதீங்க.

— சரிங்க. அதுக்கு முன்னால... வந்து... அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு இடது கை வரையறீங்களா? சும்மா பார்க்கத்தான்.

— பார்த்தியாடி? வந்தா இதேதான். ஒரு நாளாவது "ஒரு காலர் வரைங்க"ன்னு கேட்டிருக்காரா? சரி, சார் கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறேன். இதோ மூலை பட்டன். இதோ கைக்குழி. வளையுது, வளையுது, முடிஞ்சுது. பாரு, பூனைக்குட்டி!

— அணையவே இல்லையே அண்ணி!

— சொன்னேனில்ல? ராசி!

— அப்ப ஒண்ணு பண்ணுங்க. சாரை இந்த ஸ்டூல்லயே கட்டிப் போட்டுடுங்க. சனிக்கிழமை வரைக்கும்.

— எனக்கு ஆட்சேபணை இல்லைங்க சிஸ்டர். நீங்க லீவு போட்டா.

— க்கும்! இருங்க, அந்தத் தையலைப் பிரிச்சுடறேன். ... சார், இந்தாங்க கோட்டு. விட்டுக் கொடுத்தாச்சு. போய் மாட்டிக்கிட்டு, கையை நீட்டிப் பார்த்துட்டு வாங்க. ... போயிட்டார். சீக்கிரம் படிடி, அவர் வர்றதுக்குள்ள அனுப்பிடலாம்.

— ஃபோன்ல குறிச்சதை இதுல ஏத்திட்டேன், படிக்கிறேன். "பொத்தான் அவர்களுக்கு. போன மாதம் குப்பை என்று எழுதினேன். கோபத்தில் எழுதியது. உங்கள் சின்னக்கத்திரி கூன் முதுகையும் சரிந்த தோளையும் அறிந்து வளைந்து கொடுக்கிறது. எழுதியவருக்குக் கோணல்கள் மேல் பிரியம் உண்டு என்று நினைக்கிறேன். அதை இதுவரை சொல்லாதது என் தவறு."

— ம். அப்புறம்?

— "நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். திருப்பு பொத்தானை நான் பயன்படுத்துவதில்லை. இடது கையைத் தனியாக வரைவேன். அப்போது கீபோர்டின் இடது மூலைப் பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பேன். மணிக்கட்டு லேப்டாப்பின் முன்பக்க மூலையில் இருக்கும். திரை அணையும். திரும்ப எழுப்பினால் வரைந்தது இருக்காது. கையில் இரண்டு வளையல், காந்தம் வைத்த குண்டூசிப் பட்டை. மூக்குக் கண்ணாடி அணிந்திருக்கிறேன்."

— சிரிப்பாங்கடி.

— சிரிக்கட்டும். கடைசி வரி. "வாடிக்கையாளர் ஒருவர் கடையில் இருக்கும்போது மட்டும் இப்படி ஆவதில்லை. அவருக்கு முன்பு ஒரு முறை ஊசி குத்திவிட்டதால், அவர் வந்தால் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன். மற்றபடி ஒரு வித்தியாசமும் இல்லை. சனிக்கிழமைக்குள் உதவ முடிந்தால் பெரிய உபகாரம்."

— உபகாரம்னா கெஞ்சற மாதிரி இல்ல?

— இல்ல. கேக்கற மாதிரி இருக்கு.

— சரி, அனுப்பு. மானமோ கோட்டோ, ரெண்டுல ஒண்ணு மிஞ்சட்டும்.

— அழுத்திட்டேன். போயிடுச்சு.

— ... என்னடி சத்தம் அது? ட்ரயல் ரூமுக்குள்ள கிணிங்ன்னு?

— அவர் ஃபோனாயிருக்கும் அண்ணி.

— ரொம்ப நேரமா சத்தத்தையே காணோமே. கை நீட்டினதுல தையல் விட்டுப் போச்சோ? ... சிரிக்கிறாரா உள்ள?

— சிரிக்கிறார். நல்லாவே சிரிக்கிறார்.

— சார்! சார்! என்ன ஆச்சு? கோட்டு கிழிஞ்சிடுச்சா?

— இல்லைங்க டெய்லரம்மா, இதோ வந்துட்டேன். கோட்டு அருமைங்க. கை நீட்டினேன், பிடிக்கவே இல்ல. என் உடம்புக்கு இப்படி ஒரு கோட்டு இதுவரைக்கும் அமைஞ்சதில்ல. இதை வாயால சொல்லிட்டுத்தான் மத்ததைப் பேசணும். சிஸ்டர், அந்த ஆணியில தொங்குதே, அந்தப் பட்டையைக் கொஞ்சம் எடுத்து அம்மா கையில கட்டறீங்களா?

— வேணாம் சார், திரும்பக் குத்திடும்.

— குத்தினா குத்தட்டுங்க. கட்டிக்கிட்டு ஒரு இடது கை வரைங்க. மணிக்கட்டை அதே இடத்துல ஊனுங்க.

— இதோ... மூலை பட்டன்... கைக்குழி வளையுது... ஐயோ, அணைஞ்சு போச்சே! சார் இருக்கும்போதே அணைஞ்சு போச்சே!

— இப்ப பட்டையைக் கழட்டிட்டு வரைங்க.

— ... அணையல. நர்ஸம்மா, அணையலடி! என்ன மாயம் சார் இது?

— மாயமில்லைங்க. லேப்டாப் மூடியில சின்னதா ஒரு காந்தம் இருக்கும். மூடினா, அந்தக் காந்தம் இந்த மூலைக்கு வந்து உக்காரும். "சரி, மூடிட்டாங்க, தூங்கலாம்"னு மெஷின் தூங்கிடும். உங்க பட்டையில இருக்கிற காந்தமும் அதே மூலையிலதான் உக்காருது. வலது கை வரைய அங்க மணிக்கட்டு வைக்க வேண்டியதில்ல. இடது கை வரைய, மூலை பட்டனை அமுக்கறதுக்காக வைக்கிறீங்க.

— அப்ப சார் வரும்போதெல்லாம் நான் பட்டையைக் கழட்டிடறேன்... அதான் பூனைக்குட்டியா இருந்துதா? அடக் கடவுளே! ரெண்டு நாள் போதும்டி, அத்தனை இடது கையும் வரைஞ்சிடுவேன். சனிக்கிழமை கோட்டு உண்டு! எதிர்க்கடைக் கதவு அங்கேயே சாத்திக் கிடக்கட்டும்!

— அண்ணி, மெதுவா. ஸ்டூல் மேலல்லாம் ஏறாதீங்க.

— ஏறுவேன்! ... ஆனா, அப்ப அந்தப் பொத்தான் மேல தப்பே இல்லையா? அந்தப் புண்ணியவானைப் போய் கையில்லாதவன்னு திட்டினேனே.

— தப்பு இருக்குங்க. மெஷின் தூங்கினா தூங்கட்டும். எழுந்ததும் வரைஞ்சதையெல்லாம் மறந்துட்டு வணக்கம் சொல்லலாமா? அது பொத்தான் பண்ணின தப்புதாங்க. நாளைக்குக் காலையில திருத்தி வச்சிடுவார். அந்த வணக்கத்தையும் எடுத்துடுவார்.

— அவர் திருத்திடுவார்னு நீங்க எப்படி சார் அவ்வளவு உறுதியா சொல்றீங்க? நாங்க எழுதினதை அவர் இன்னும் படிச்சாரோ என்னவோ.

— படிச்சிட்டாருங்க, பிரியம்ங்கிற இடத்தை மட்டும் ரெண்டு தடவை. தைரியமிருந்தா வந்து பாருங்கன்னு நீங்கதானேங்க விலாசம் கொடுத்தீங்க? முதல் நாளே நான்தான்னு சொல்லத் திரும்பினேன், அதுக்குள்ள குத்திட்டீங்க.